மூன்று மகுடங்களை விஞ்சி வாழ்ந்த படகு

நிலம் கைமாறும்போது அதை உழும் மாடும் உடன் கைமாறுவதுபோல, ராஜ்யங்கள் சரியும்போது அவற்றின் யுத்தக் கப்பல்கள் புதிய எஜமானர்களிடம் போய்ச் சேர்வது சரித்திரத்தில் சாதாரண நிகழ்ச்சி. ஆயினும், 1914இல் ட்ரியெஸ்ட் நகரில் கட்டி முடிக்கப்பட்டு, 1959 வரை கொடிக்கு மேல் கொடி மாற்றிக்கொண்டு உழைத்த ஒரு டார்ப்பிடோப் படகின் ஆயுளைப் போன்றது அபூர்வமே.

ஆஸ்திரிய–ஹங்கேரிய சாம்ராஜ்யத்தின் கடற்படை அதற்குச் சூட்டிய பெயர் வெறும் '76 டி' என்பதுதான். யுத்தம் மூண்டால் ஆட்ரியாடிக் கடலின் வாயிலான ஒத்ராந்தோ ஜலசந்தியைப் பகைவர் அடைத்துவிடுவார்கள் என்று முன்னதாகவே அனுமானித்த சேனாதிகாரிகள், கட்டாரோ வளைகுடாவிலிருந்து இருளோடு இருளாகப் புறப்பட்டு, காவல் நிற்கும் கப்பல்களைத் தாக்கிவிட்டு, பொழுது விடியுமுன் துறைமுகம் திரும்பவல்ல படகுகளை விரும்பினார்கள். அவ்விருப்பத்தில் பிறந்ததே '250 டன்' வகுப்பு. 76 டி, ஏறக்குறைய 58 மீட்டர் நீளமும், நீராவி டர்பைன்களும், 66 மில்லிமீட்டர் பீரங்கி இரண்டும், டார்ப்பிடோக் குழாய் நான்கும் கொண்டிருந்தது.

ஆனால் விதி அதற்கு அளித்ததோ, துணைக் காவலும் கண்ணிவெடி அகற்றலுமாகிய ஓயாத சேவகமே. 1918 ஜூன் 10ஆம் தேதி வைகறையில் சாம்ராஜ்யத்தின் 'சென்ட் இஷ்ட்வான்' என்னும் மாபெரும் போர்க்கப்பலை இத்தாலியரான லூய்ஜி ரிட்ஸோ தம் சிறு மோட்டார்ப் படகிலிருந்து டார்ப்பிடோவால் தாக்கி மூழ்கடித்தபோது, அவரைத் துரத்திச் சென்றது இப்படகுதான். அவரோ தம் படகின் பின்னே ஆழவெடிகளை இட்டுத் தப்பிவிட்டார்.

சில மாதங்களில் சாம்ராஜ்யமே இல்லாமற்போயிற்று. 1921இல் பின்னாளில் யுகோஸ்லாவியா எனப்பட்ட புது ராஜ்யத்தின் பங்காக வந்த எட்டுப் படகுகளில் ஒன்றாய், 'டி1' என்ற பெயருடன் அது மறு ஜன்மம் எடுத்தது. அன்று அந்த ராஜ்யத்துக்குக் கடலோடத் தகுந்த நவீன யுத்தக் கலங்கள் இந்த எட்டே.

1941 ஏப்ரலில் அச்சு நாடுகள் யுகோஸ்லாவியாமீது படையெடுத்தபோது இத்தாலி இப்படகைக் கைப்பற்றி, பீரங்கிகளைப் புதுப்பித்து, பழைய பெயரிலேயே கரையோரக் காவலுக்கு அனுப்பியது. 1943 செப்டம்பரில் இத்தாலி சரணடைந்த பின், தேசம் துறந்து அந்நிய மண்ணில் இயங்கிய யுகோஸ்லாவிய அரச கடற்படையிடம் அது மீண்டது. உடன்பிறந்தவற்றுள் பலவற்றுக்கு இந்த பாக்கியம் இல்லை: டி6ஐ இத்தாலியரே மூழ்கடித்தனர், டி8 ஜெர்மானிய விமானங்களுக்கு இரையாயிற்று, டி7 பிரிட்டிஷ் படகுகளால் அழிந்தது, ஜெர்மானியர் வசப்பட்ட டி3, தான் கட்டப்பட்ட ட்ரியெஸ்டிலேயே 1945இல் நேச நாட்டு விமானங்களின் குண்டுகளுக்குப் பலியாயிற்று.

யுத்தம் ஓய்ந்தபின் மார்ஷல் டிட்டோவின் கடற்படையில் 'கோலெஷ்னிட்சா' என்ற பெயருடன் டி1 மேலும் பல ஆண்டுகள் பணி புரிந்தது. ஆஸ்திரிய–ஹங்கேரியாவின் ஹாப்ஸ்பர்க் மகுடம் 1918இலும், யுகோஸ்லாவியாவின் காரஜோர்ஜெவிச் மகுடம் 1945இலும், இத்தாலியின் சவாய் மகுடம் 1946இலும் வீழ்ந்தன. இம்மூன்றுக்கும் ஊழியம் செய்த படகு அவற்றுக்குப் பிறகும் மிதந்தது. விசுவாசம் என்பது மனிதனுக்குரிய தர்மம். எஃகுக்கு அந்தக் கடன் இல்லை. பிரம்மாண்டமான கப்பல்கள் பகைவரின் குறியாகி அழிய, பிரதாபமற்ற சில்லறை வேலைக்கு என்றும் பயன்பட்டதாலேயே இது நிலைத்தது என்பதே இச்சரித்திரத்திலிருந்து நாம் கொள்ளத்தக்க முடிவு.