செனிகல்

செனிகல் மேற்கு ஆப்பிரிக்காவில் அட்லாண்டிக் கடலோரம் அமைந்துள்ள ஒரு குடியரசு நாடாகும். இதன் வடக்கே மூரித்தானியாவும், கிழக்கே மாலியும், தெற்கே கினி, கினி-பிசாவு ஆகிய நாடுகளும் உள்ளன. காம்பியா என்னும் சிறிய நாடு கடற்கரையிலிருந்து ஆப்பு அடித்தாற்போல் செனிகலுக்குள் நீண்டு கிடக்கிறது. செனிகலின் பரப்பளவு ஏறத்தாழ 1,96,700 சதுர கி.மீ. ஆகும், இது தமிழ்நாட்டின் பரப்பைப்போல் ஒன்றரை மடங்கு. 2023 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி மக்கள் தொகை சுமார் 1.8 கோடி. தலைநகரம் டக்கார். ஆட்சிமொழி பிரெஞ்சு எனினும் மக்களிற் பெரும்பாலோர் பேசுவது வோலோஃப் மொழியே.

1960 இல் விடுதலை பெற்றது முதல் இராணுவம் ஒருமுறையேனும் ஆட்சியைக் கைப்பற்றாத நாடு என்பதால், அப்பகுதி நாடுகளிடையே செனிகல் தனித்துக் குறிப்பிடப்படுகிறது. ஆனால் இந்நாட்டில் வாக்களிக்கும் வழக்கம் விடுதலைக்கும் நூறாண்டுகளுக்கு மேல் முற்பட்டது. அவ்வழக்கத்தின் தொடக்கக் காலம் புதுச்சேரியின் வரலாற்றோடு பின்னிக் கிடக்கிறது.

புவியியல்

நாட்டின் பெரும்பகுதி தாழ்ந்த சமவெளி. வடக்கே சகாரா பாலைவனத்தை அடுத்த வறண்ட சகேல் நிலம். தெற்கே செல்லச்செல்ல மழை மிகுந்து, கசமான்ஸ் பகுதியில் காடுகளும் நெல்வயல்களும் காணப்படுகின்றன. மழைக்காலம் பொதுவாக சூன் முதல் அக்டோபர் வரை. செனிகல் ஆறு வடக்கு எல்லையாக ஓடுகிறது. டக்கார் அமைந்துள்ள கேப் வெர்ட் தீபகற்பத்தின் முனையே ஆப்பிரிக்கப் பெருநிலத்தின் மேற்குக் கோடியாகும்.

வரைபடத்தைப் பார்க்கும் எவருக்கும் முதலில் எழும் வினா காம்பியாவைப் பற்றியதாகவே இருக்கும். காம்பியா ஆற்றில் ஆங்கிலேய வணிகர் நிலைகொண்டிருந்தனர். சுற்றியிருந்த நிலம் பிரான்சின் கைக்குப் போனது. 1889 இல் இரு வல்லரசுகளும் செய்துகொண்ட உடன்பாட்டின்படி ஆற்றின் இரு கரைகளிலும் ஒரு குறுகிய பட்டை பிரித்தானியருக்கு ஒதுக்கப்பட்டது. அங்கு வாழ்ந்த மக்களை யாரும் கேட்கவில்லை. வோலோஃப், மண்டிங்கா, புலானி, டியோலா மக்கள் எல்லையின் இருபுறமும் இன்றும் உறவினராகவே வாழ்கின்றனர். 1982 இல் இரு நாடுகளும் இணைந்து அமைத்த செனிகாம்பியக் கூட்டமைப்பு 1989 இல் கலைந்தது.

இந்தக் கோட்டின் விலையைக் கசமான்ஸ் மக்களே மிகுதியாகக் கொடுத்துள்ளனர். தலைநகருக்குச் செல்ல அவர்கள் காம்பியாவைக் கடந்து படகுத்துறையில் நெடுநேரம் காத்திருக்க வேண்டும், அல்லது நாட்டைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும், அல்லது கடல்வழி செல்ல வேண்டும். சிகன்சோர் நகரிலிருந்து டக்காருக்குச் சென்றுகொண்டிருந்த 'ஜூலா' என்னும் அரசுக் கப்பல் செப்டம்பர் 26, 2002 அன்று இரவு காம்பியக் கரைக்கு அப்பால் கவிழ்ந்தது. சுமார் 580 பேருக்கென அமைக்கப்பட்ட அக்கப்பலில் அதைப்போல் மும்மடங்குக்கும் மேற்பட்டோர் ஏறியிருந்தனர். 1,800 க்கும் மேற்பட்டோர் இறந்தனர். பிழைத்தவர் 64 பேர் மட்டுமே. டைட்டானிக் கப்பலோடு மூழ்கியோரைவிட இத்தொகை பெரிது. காம்பியா ஆற்றின் குறுக்கே, இரு நாட்டுப் போக்குவரத்துக்கும் பயன்படும் பெரும்பாலம் 2019 சனவரியில்தான் திறக்கப்பட்டது. கசமான்சில் 1982 முதல் நடந்துவரும் பிரிவினைக் கிளர்ச்சிக்குப் பல காரணங்கள் உண்டு; இந்தத் துண்டிப்பு அவற்றுள் முதன்மையானது எனலாம்.

வரலாறு

செனிகல் ஆற்றங்கரையில் இருந்த தெக்ரூர் அரசு 11 ஆம் நூற்றாண்டில் இஸ்லாத்தைத் தழுவியது. பின்னர் வோலோஃப் மக்களின் ஜோலோஃப் பேரரசு எழுந்தது. 15 ஆம் நூற்றாண்டின் நடுவில் போர்த்துக்கேயர் வந்தனர். அவர்களைத் தொடர்ந்து ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் வந்தனர். 1659 இல் ஆற்றுமுகத்தில் சென் லூயி நகரைப் பிரெஞ்சுக்காரர் நிறுவினர். 1677 இல் டக்காருக்கு எதிரேயுள்ள கோரே தீவைக் கைப்பற்றினர். அவர்கள் புதுச்சேரியில் குடியேறியது 1674 இல் என்பதை இங்கு நினைவிற் கொள்ளலாம்.

கோரே தீவு அடிமை வணிகத்தின் நினைவிடமாக 1978 இல் உலகப் பாரம்பரியக் களமாக அறிவிக்கப்பட்டது. அங்குள்ள 'அடிமைகளின் இல்லம்' வழியாகப் பல இலட்சம் பேர் அனுப்பப்பட்டனர் என்று சுற்றுலாப் பயணிகளுக்குச் சொல்லப்படுவதை வரலாற்றாய்வாளர் பலர் ஏற்பதில்லை. அவர்கள் கணக்குப்படி கோரேயைவிடச் சென் லூயி, காம்பியா ஆறு ஆகியவற்றின் வழியாகவும், கினி வளைகுடாத் துறைமுகங்களின் வழியாகவும் சென்றோரே அதிகம். தீவு ஒரு நினைவுச் சின்னம் என்ற அளவில் அதன் மதிப்பு இதனால் குறைவதில்லை.

ஏழாண்டுப் போரில் ஆங்கிலேயர் சென் லூயியையும் கோரேயையும் 1758 இலும், புதுச்சேரியை 1761 இலும் பிடித்தனர். 1763 ஆம் ஆண்டின் பாரிஸ் உடன்படிக்கை கோரேயையும் புதுச்சேரியையும் ஒரே தாளில் பிரான்சுக்குத் திருப்பிக் கொடுத்தது. சென் லூயி ஆங்கிலேயரிடமே நின்றது. நெப்போலியன் போர்கள் முடிந்தபின் செனிகலை மீண்டும் பெற்றுக்கொள்ள 1816 இல் புறப்பட்ட கப்பல்களுள் ஒன்றே, ஜெரிக்கோவின் ஓவியத்தால் புகழ்பெற்ற 'மெதூசா' ஆகும்.

நீலத்துணியும் பிசினும்

செனிகல் ஆற்றின் வடகரையில் வளரும் ஒருவகை வேல மரத்தின் பிசின், 18, 19 ஆம் நூற்றாண்டுகளில் ஐரோப்பாவின் துணி அச்சிடும் தொழிலுக்கு மிகவும் வேண்டிய பொருளாக இருந்தது. பிசினைத் திரட்டி விற்ற மூர் இனத்தவர் அதற்கு ஈடாக விரும்பிக் கேட்டது அவுரிச் சாயம் தோய்த்த நீலப் பருத்தித் துணி. பிரெஞ்சு வணிகர் இதைக் 'கினே' என்றனர். பெயர் ஆப்பிரிக்கக் கரையைக் குறித்தாலும் துணி நெய்யப்பட்டது சோழமண்டலக் கரையில். புதுச்சேரியிலும் அதன் சுற்றுப்புறத்திலும் நெய்து சாயமேற்றப்பட்ட துணி பிரான்சின் துறைமுகங்களுக்குச் சென்று, அங்கிருந்து சென் லூயியை அடைந்து, படகுகளில் ஆற்றின் மேற்பகுதிக்குச் சென்றது.

19 ஆம் நூற்றாண்டில் 'ஒரு கினே' என்பது செனிகல் ஆற்றில் ஒரு பண அலகாகவே வழங்கியது. பிசினின் விலையும் வணிகரின் கடனும் துணி உருப்படிக் கணக்கில் எழுதப்பட்டன. பிரான்சின் ரூவான் நகர ஆலைகள் இத்துணியைப்போல் செய்து அனுப்பிப் பார்த்தன. ஆனால் வாங்குவோர் தொட்டும் முகர்ந்தும் வேறுபாட்டைக் கண்டுகொண்டனர். புதுச்சேரியில் ஆலைத்தொழில் தொடங்கியபோது, முதல் பஞ்சாலைகளின் முதன்மைச் சரக்குகளுள் இந்த நீலத்துணியும் ஒன்றாயிற்று. ஆப்பிரிக்க ஆற்றங்கரையில் பிசின் விளைச்சல் குறைந்த ஆண்டில் புதுச்சேரிச் சாயத்தொட்டிகளிலும் வேலை குறைந்தது என்பது இவ்வணிகத்தின் இயல்பான விளைவு.

பிசின் வணிகம் தளர்ந்தபின் செனிகலின் முதன்மை ஏற்றுமதி வேர்க்கடலை ஆயிற்று. அதுவும் புதுச்சேரித் துறைமுகத்தின் வேர்க்கடலையும் மார்செய் நகரின் எண்ணெய் ஆலைகளுக்கே சென்றன.

நான்கு நகரங்களின் வாக்குரிமை

1848 இல் பிரெஞ்சுக் குடியரசு தன் குடியேற்றங்களில் அடிமை முறையை ஒழித்தது. அவ்வாண்டே பாரிஸ் நாடாளுமன்றத்தில் செனிகலுக்கு ஓர் இடமும் பிரெஞ்சிந்தியாவுக்கு ஓர் இடமும் வழங்கப்பட்டன. மூன்றாம் நெப்போலியன் காலத்தில் பறிக்கப்பட்ட இவ்வுரிமை 1871 இல் இரு பகுதிகளுக்கும் திரும்பக் கிடைத்தது. சென்னை மாகாணத்தில் சட்டமன்றத்துக்கு நேரடித் தேர்தல் 1920 இல்தான் முதன்முதலாக நடந்தது என்பதோடு ஒப்பிட்டால் இதன் பழமை விளங்கும்.

செனிகலில் சென் லூயி, கோரே, ரூஃபிஸ்க், டக்கார் ஆகிய நான்கு நகரங்களின் குடிகளுக்கே வாக்குரிமை இருந்தது. அந்நகரங்களுக்கு வெளியே வாழ்ந்த பெருந்திரளான மக்கள் வெறும் 'ஆளப்படுவோர்'. அவர்கள் கட்டாய வேலைக்கும், நீதிமன்ற விசாரணையின்றி அதிகாரி விதிக்கும் தண்டனைக்கும் உட்பட்டிருந்தனர்.

குடியுரிமை பற்றிய வினாவுக்குப் புதுச்சேரியும் செனிகலும் கண்ட விடைகள் வேறுவேறு. புதுச்சேரியில் 1881 ஆம் ஆண்டின் ஆணைப்படி, தம் சாதி, சமய வழிப்பட்ட சொந்தச் சட்டத்தைத் துறந்தவர் பிரெஞ்சு உரிமையியல் சட்டத்துக்குள் வரலாம். செனிகலின் முஸ்லிம் வாக்காளர்கள் இத்தகைய துறப்புக்கு இசையவில்லை. 1914 இல் பிளேஸ் டியாஞ் என்பவர் நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அம்மன்றத்தில் இடம்பெற்ற முதல் கறுப்பின ஆப்பிரிக்கர் அவரே. முதல் உலகப்போருக்கு ஆள் தேவைப்பட்ட நெருக்கடியைப் பயன்படுத்தி, 1916 இல் அவர் ஒரு சட்டம் கொண்டுவந்தார். அதன்படி நான்கு நகரத்தார் திருமணம், வாரிசுரிமை ஆகியவற்றில் தம் இஸ்லாமியச் சட்டத்தைக் கைவிடாமலே பிரெஞ்சுக் குடிகள் ஆயினர். இதற்கு ஈடாக அவர்கள் படையில் சேர வேண்டியிருந்தது.

'செனிகல் துப்பாக்கிப் படை' என்ற பெயரில் மேற்கு ஆப்பிரிக்கா முழுவதிலுமிருந்து திரட்டப்பட்ட வீரர்கள் இரு உலகப்போர்களிலும் பிரான்சுக்காகப் போரிட்டனர். செர்மானியச் சிறையிலிருந்து மீண்டு வந்தோர், தமக்குச் சேரவேண்டிய சம்பளத்தைக் கேட்டபோது, திசம்பர் 1, 1944 அன்று டக்காரை அடுத்த தியாரோய் முகாமில் பிரெஞ்சுப் படையால் சுடப்பட்டனர். இறந்தோர் 35 பேர் என்ற தொடக்கக்கால அரசுக் கணக்கு மிகக் குறைவானது என்பதே ஆய்வாளர் கருத்து. அது ஒரு படுகொலை என்று பிரெஞ்சுக் குடியரசுத் தலைவர் ஒப்புக்கொண்டது 2024 இல்தான்.

விடுதலையும் அரசியலும்

1946 இல் குடியுரிமை எல்லோருக்கும் விரிவாக்கப்பட்டது. செனிகல் மாலியுடன் கூட்டாட்சியாக இணைந்து சூன் 20, 1960 அன்று விடுதலை பெற்றது. இரண்டு மாதத்தில் கூட்டாட்சி உடைந்தது. விடுதலை உடன்பாடு கையெழுத்தான ஏப்ரல் 4 தேசிய நாளாகக் கொண்டாடப்படுகிறது. பிரெஞ்சிந்தியாவின் முடிவு வேறு வகையானது. கீழூரில் அக்டோபர் 18, 1954 அன்று 178 பிரதிநிதிகளில் 170 பேர் இந்தியாவுடன் இணைய வாக்களித்தனர்.

முதல் குடியரசுத் தலைவர் லெயோபோல்ட் செடார் செங்கோர் (1906-2001) பிரெஞ்சு மொழிக் கவிஞர். பத்தில் ஒன்பது பேருக்கு மேல் முஸ்லிம்களான நாட்டைக் கத்தோலிக்கரான அவர் இருபதாண்டுகள் ஆண்டார். அவரது ஆட்சியை அப்பழுக்கற்றதாகக் காட்டுவது சரியன்று. பிரதமர் மமடு டியாவை 1962 இல் சிறையிலிட்டார். டியா 1974 வரை சிறையில் இருந்தார். இடையில் சில ஆண்டுகள் ஒரே கட்சியே இயங்கியது. எனினும் 1980 இன் இறுதியில் தாமாகவே பதவி விலகினார். அடுத்து வந்த அப்து டியூஃப் 2000 ஆம் ஆண்டுத் தேர்தலில் தோற்று, தோல்வியை ஏற்றுக்கொண்டார். அவரை வென்ற அப்துலாயே வாட், எதிர்ப்புக்கிடையே மூன்றாம் முறை போட்டியிட்டு 2012 இல் மக்கி சாலிடம் தோற்றார்.

மிகக் கடுமையான சோதனை 2024 இல் வந்தது. பிப்ரவரி 25 அன்று நடக்க வேண்டிய தேர்தலை மக்கி சால் பிப்ரவரி 3 அன்று நிறுத்திவைத்தார். நாடாளுமன்றம் அதைத் திசம்பருக்குத் தள்ளியது. முந்தைய மூன்றாண்டுப் போராட்டங்களில் ஏற்கெனவே பலர் உயிரிழந்திருந்தனர். பிப்ரவரி 15 அன்று அரசியலமைப்பு மன்றம் இந்த ஒத்திவைப்பு செல்லாது என்று தீர்ப்பளித்தது. குடியரசுத் தலைவரும் அதற்குக் கட்டுப்பட்டார். மாலியிலும் கினியிலும் படையினர் ஆட்சியைப் பிடித்துச் சில ஆண்டுகளே ஆகியிருந்த சூழலில் இது சிறிய செய்தியன்று. தேர்தல் மார்ச் 24 அன்று நடைபெற்றது. அதற்குப் பத்து நாட்களுக்கு முன்பு சிறையிலிருந்து வெளிவந்த பசிரு டியோமாயே ஃபாய் முதல் சுற்றிலேயே 54 விழுக்காட்டுக்கும் சற்று அதிகமான வாக்குகளுடன் வென்றார். போட்டியிடத் தடைசெய்யப்பட்டிருந்த தம் தலைவர் உஸ்மான் சோங்கோவைப் பிரதமராக நியமித்தார். பிரான்சின் நிலையான படைமுகாம்கள் 2025 சூலையில் முற்றாக ஒப்படைக்கப்பட்டன.

பொருளாதாரம்

வேர்க்கடலை, மீன், பாஸ்பேட், தங்கம் ஆகியவை முக்கிய விளைபொருள்கள். பாஸ்பாரிக் அமிலம் உரத்தொழிலுக்காக இந்தியாவுக்கு வருகிறது. 2024 சூனில் கடலடி எண்ணெய் எடுப்பு தொடங்கியது. நாட்டின் பெயர்பெற்ற உணவான 'செபு ஜென்', மீனும் நொய்யரிசியும் சேர்த்துச் சமைப்பது. நம் பக்கத்தில் கஞ்சிக்கு ஒதுக்கும் நொய்யை அவர்கள் விருந்துக்கே விரும்புகின்றனர். இந்தியா 2022 செப்டம்பரில் நொய்யரிசி ஏற்றுமதியைத் தடைசெய்தபோது இதனால் செனிகல் பாதிக்கப்பட்டது. பின்னர் செனிகல் உள்ளிட்ட சில நாடுகளுக்கு விலக்கு அளிக்கப்பட்டது. தடை 2025 இல் நீக்கப்பட்டது.

தமிழாய்வுத் தொடர்பு

செங்கோர் திராவிட மொழிகளுக்கும் ஆப்பிரிக்க மொழிகளுக்கும் உறவு உண்டு என நம்பினார். 1974 இல் சென்னை வந்தபோது, உலகத் தமிழாராய்ச்சி நிறுவனத்தில் கறுப்பினப் பண்பாட்டையும் திராவிடப் பண்பாட்டையும் ஒப்பிட்டு உரையாற்றினார். அவரது ஆதரவால் டக்கார் பல்கலைக்கழகத்தில் இத்துறை ஆய்வுகள் தொடங்கின. தமிழறிஞர் க. ப. அறவாணன் சில ஆண்டுகள் அங்குப் பணியாற்றி, இதுபற்றித் தமிழில் நூல்களும் எழுதினார். இவ்வாய்வுகள் தந்த சொல்லொற்றுமைப் பட்டியல்கள் நீளமானவை. ஆனால் மொழியுறவை நிறுவ வேண்டிய ஒழுங்கான ஒலிமாற்ற விதிகள் காட்டப்படாததால் மொழியியலாளர் பெரும்பாலோர் இக்கருத்தை ஏற்கவில்லை. வோலோஃப் நைகர்-கொங்கோ மொழிக் குடும்பத்தின் அட்லாண்டிக் கிளையிலேயே வைக்கப்படுகிறது. புதுச்சேரி நீலத்துணியின் கணக்குகளோ பிரெஞ்சு அரசின் ஆவணங்களில் எழுத்தில் உள்ளன.