நினிவே வழியாக பைபிளுக்குள்

“பைபிளில் இருப்பதெல்லாம் உண்மைதானா?” இப்படிக் கேட்பவர்கள் பெரும்பாலும் ஒற்றைச் சொல்லில் பதிலை எதிர்பார்க்கிறார்கள். ஆமாம் என்றால் விசுவாசி, இல்லை என்றால் நாத்திகர், அதோடு பேச்சு முடிந்தது. எனக்கு இந்தக் கேள்வி மிகவும் பிடிக்கும். அதனாலேயே அதை அவ்வளவு சீக்கிரம் முடித்துவிட மனம் வருவதில்லை. டீ வரட்டும், நிதானமாகப் பேசுவோம்.

நான் முதலில் திருப்பிக் கேட்பது, “எந்தப் பகுதி?” என்றுதான். புராட்டஸ்டன்ட் சபையார் கையில் இருக்கும் பைபிளில் 66 நூல்கள், கத்தோலிக்கர் பைபிளில் 73. அரச வரலாறு, சட்டம், காதல் பாட்டு, ஒப்பாரி, நீதிமொழி, கடிதம், தரிசனம் என்று அத்தனையும் ஒரே அட்டைக்குள் இருக்கின்றன. எழுதியவர்கள் பலர், அவர்களுக்கிடையே பல நூற்றாண்டு இடைவெளி. எல்லாவற்றிடமும் ஒரே மாதிரி “நீ உண்மையா?” என்று கேட்டால் சரியான பதில் வராது.

இதைப் புரியவைக்க நான் ஒரு ஊருக்குக் கூட்டிப்போவேன். நினிவே. அசீரியப் பேரரசின் தலைநகரம். இன்றைய ஈராக்கில், மோசுல் நகரத்தையொட்டி, டைக்ரிஸ் ஆற்றின் கிழக்குக் கரையில் அதன் இடிபாடுகள் கிடக்கின்றன. பைபிளின் மூன்று பகுதிகளை அந்த ஒரே மண்ணை வைத்துப் பேசிவிடலாம்.

முதலாவது, 2 இராஜாக்கள் புத்தகத்தின் 18, 19ஆம் அதிகாரங்கள். கி.மு. 701இல் அசீரிய அரசன் சனகெரிப் யூதா நாட்டின்மேல் படையெடுத்து வருகிறான். அரணான ஊர்கள் விழுகின்றன. எருசலேமிலிருக்கும் அரசர் எசேக்கியா 300 தாலந்து வெள்ளியும் 30 தாலந்து பொன்னும் கப்பமாகக் கட்டுகிறார். அப்படியும் முற்றுகை வருகிறது. கடைசியில், ஒரே இரவில் கர்த்தருடைய தூதன் 1,85,000 வீரர்களைச் சங்கரித்ததாகவும், சனகெரிப் ஊர் திரும்பியதாகவும், பின்னர் சொந்தப் பிள்ளைகளாலேயே கொல்லப்பட்டதாகவும் பைபிள் சொல்கிறது.

இதே படையெடுப்பைப் பற்றி எதிரியின் வாக்குமூலமும் நம்மிடம் இருக்கிறது. 1830இல் நினிவேயில் கிடைத்த ஆறு பக்கச் சுடுமண் பட்டகம் ஒன்று இப்போது லண்டனில் பிரிட்டிஷ் மியூசியத்தில் உள்ளது. அதில் சனகெரிப் தன் பெருமையைத் தானே பேசுகிறான்: யூதாவின் 46 அரணான ஊர்களைப் பிடித்தானாம், 2,00,150 பேரைச் சிறைபிடித்தானாம், எசேக்கியாவைக் கூண்டுப் பறவைபோல் எருசலேமுக்குள் அடைத்துவைத்தானாம். கப்பத்துக்கும் கணக்கு உண்டு. பொன் 30 தாலந்து. வெள்ளி 800 தாலந்து.

பொன் கணக்கு அப்படியே பொருந்துகிறது. வெள்ளிக் கணக்கு பொருந்தவில்லை. எருசலேமைப் பிடித்ததாக அவன் எங்கும் சொல்லவில்லை, பைபிளும் நகரம் தப்பியது என்றே சொல்கிறது. 1,85,000 பேர் செத்ததைப் பற்றி அவன் வாயே திறக்கவில்லை; எந்த அரசன்தான் அதைக் கல்வெட்டில் பொறிப்பான்? அவன் மகன் கையால் மாண்டதைப் பாபிலோனிய வரலாற்றுப் பலகையும் உறுதிசெய்கிறது, ஆண்டு கி.மு. 681. யூதாவின் லாகீஸ் நகரம் விழுந்த காட்சியை அவன் நினிவே அரண்மனைச் சுவர்களிலேயே செதுக்கி வைத்திருந்தான். மாட்டுவண்டியில் தட்டுமுட்டுச் சாமான்களோடு வெளியேறும் குடும்பங்கள், கழுவேற்றப்பட்ட ஆண்கள். அந்தச் சிற்பங்களின் முன்னால் நிற்பவருக்கு 2 இராஜாக்கள் வெறும் கதையாக இருக்க முடியாது.

ஆகவே இந்தப் பகுதியில் வரலாறு இருக்கிறது, நன்றாகவே இருக்கிறது. தூதனின் வருகையை மண்வெட்டியால் தோண்டி எடுக்க முடியாது. அது நடந்ததா என்று தொல்லியல் சொல்லவும் சொல்லாது. படை திரும்பியது வரலாறு. திருப்பியது யார் என்பது விசுவாசத்தின் வாசிப்பு. இரண்டையும் பிரித்துச் சொல்வதில் அவமரியாதை ஒன்றுமில்லை.

இங்கே இன்னொன்றையும் கவனியுங்கள். இதே நிகழ்ச்சியை 2 நாளாகமம் 32ஆம் அதிகாரமும் சொல்கிறது. அதில் கப்பம் கட்டிய செய்தியே இல்லை! எசேக்கியா கோவில் கதவுகளின் பொன் தகட்டைப் பெயர்த்துக் கொடுத்த அவமானத்தைப் பிந்திய ஆசிரியர் விட்டுவிட்டார். அவருக்கு எசேக்கியா முன்மாதிரி அரசனாகத் தெரிய வேண்டியிருந்தது. பைபிளைத் தொகுத்தவர்கள் இரண்டையுமே வைத்துக்கொண்டார்கள். ஒன்றை மற்றொன்றுக்கு ஏற்பத் திருத்தவில்லை. இந்த நேர்மைக்காக நான் அவர்களை மனதாரக் கும்பிடுகிறேன்.

இரண்டாவது, வெள்ளம். நினிவேயில் அசூர்பானிபால் என்ற அரசன் சேர்த்து வைத்திருந்த நூலகத்தின் களிமண் பலகைகளும் லண்டனுக்கு வந்து சேர்ந்தன. 1872இல் ஜார்ஜ் ஸ்மித் என்பவர் அவற்றில் ஒன்றை வாசித்தபோது ஒரு கப்பல் மலையில் தட்டி நிற்பதையும், அதிலிருந்து பறவைகள் அனுப்பப்படுவதையும் கண்டார். கில்காமெஷ் காப்பியத்தின் பதினோராம் பலகை அது. நோவாவின் கதைக்கு நெருங்கிய உறவு; அந்தக் கதையின் மூல வடிவங்கள் ஆதியாகமம் எழுதப்பட்ட காலத்துக்கு வெகு முந்தியவை.

ஆதியாகமத்துக்குள்ளேயே வெள்ளக் கதை இரு குரலில் பேசுகிறது. ஓரிடத்தில் ஒவ்வொரு உயிரினத்திலும் ஒரு ஜோடி. இன்னோரிடத்தில் சுத்தமான மிருகங்களில் ஏழேழு ஜோடி. உலகம் முழுவதையும் மூடிய வெள்ளத்தின் தடயம் எதையும் நிலவியல் கண்டதில்லை. நடந்த நிகழ்ச்சியின் அறிக்கையாக இதை நான் ஏற்கவில்லை, ஏற்கச் சொல்லி யாரையும் வற்புறுத்தவும் மாட்டேன். ஆனால் ஒரு வேறுபாட்டைப் பாருங்கள். பழைய மெசப்பொத்தேமிய வடிவம் ஒன்றில் மனிதர்கள் போடும் கூச்சல் தூக்கத்தைக் கெடுப்பதால் தேவர்கள் எரிச்சலடைந்து வெள்ளத்தை அனுப்புகிறார்கள். ஆதியாகமத்தில் காரணம் பூமி கொடுமையால் நிறைந்தது. எல்லாருக்கும் தெரிந்த கதையை எடுத்து, கடவுளின் கோபத்துக்கு ஒரு நியாயத்தைக் கொடுத்திருக்கிறார்கள். அந்த எழுத்தாளர் சொல்ல வந்தது அதைத்தான். நாமோ அரராத் மலையில் மரத்துண்டைத் தேடிக்கொண்டிருக்கிறோம்.

மூன்றாவது யோனா. மீன் வயிற்றில் மூன்று நாள் ஒருவன் உயிரோடிருக்க முடியுமா என்ற விவாதத்திலேயே பலருக்கு அந்தப் புத்தகம் முடிந்துவிடுகிறது. எனக்கு அதில் பெரும் வருத்தம். நாலே அதிகாரங்கள் கொண்ட அந்தப் புத்தகத்தில் நினிவேயைக் கடக்க மூன்று நாள் ஆகுமாம். உண்மையில் அதன் மதில் சுற்றளவே சுமார் 12 கிலோமீட்டர்தான். அரசனுக்குப் பெயரில்லை. ஒரே பிரசங்கத்தில் நகரமே மனந்திரும்புகிறது, ஆடுமாடுகள்கூட இரட்டுடுத்தி உபவாசம் இருக்கின்றன. அசீரிய ஆவணம் எதிலும் இப்படியொரு மனமாற்றம் பதிவாகவில்லை. இது கதை என்று எழுதியவரே நமக்கு அடையாளம் காட்டுகிறார்.

இப்போது லாகீஸ் சிற்பங்களை நினைத்துக்கொண்டு யோனாவைப் படியுங்கள். கழுவேற்றியவர்களின் ஊருக்குப் போய்ப் பிரசங்கம் செய் என்று கடவுள் ஒரு எபிரெயனை அனுப்புகிறார். அவன் எதிர்த்திசையில் கப்பலேறி ஓடுகிறான். ஓடாமல் என்ன செய்வான்? ஊர் தப்பித்ததும், ஏன் மன்னித்தாய் என்று கடவுளிடமே கோபித்துக்கொள்கிறான். இடதுகை வலதுகை தெரியாத அத்தனை பேரும், அத்தனை மிருகங்களும் இருக்கும் ஊருக்காக நான் பரிதபிக்கக் கூடாதா என்று கடவுள் கேட்பதோடு புத்தகம் நின்றுவிடுகிறது. யோனாவின் பதில் எழுதப்படவில்லை. உன் நாட்டை அழித்தவனையும் கடவுள் நேசிக்கலாமா என்ற கேள்வியை மீனின் தொண்டை அளவை வைத்துத் தீர்த்துவிட முடியுமா?

“இயேசுவே யோனாவைக் குறிப்பிடுகிறாரே” என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். நாம் நீதிக்குக் கண்ணகியை எடுத்துக்காட்டும்போது மதுரை எரிந்ததற்குச் சாட்சிக் கையெழுத்துப் போடுவதில்லை. போதகர் ஒருவர் மக்கள் அறிந்த கதையை எடுத்தாள்வதும் அப்படித்தான்.

எழுத்துக்கு எழுத்து பிழையற்றது என்று வாதிடுபவர்களை நான் எள்ளி நகையாட மாட்டேன். 1978இல் சிகாகோவில் கூடிய இவாஞ்சலிக்கல் அறிஞர்கள் அந்த நிலைப்பாட்டை ஓர் அறிக்கையாகவே எழுதினார்கள். அவர்களுடைய அச்சம் எனக்குப் புரிகிறது: நோவாவை விட்டுக்கொடுத்தால், நாளைக்கு உயிர்த்தெழுதலையும் விட்டுக்கொடுக்க நேருமே என்பதுதான் அது. ஆனால் அப்படி நேர வேண்டியதில்லை. கொரிந்தியருக்கு எழுதும் பவுல் உயிர்த்தெழுதலைக் கதையாகச் சொல்லவில்லை. பார்த்தவர்களைப் பட்டியலிடுகிறார்; அது நடக்கவில்லையென்றால் தன் பிரசங்கத்துக்கே பொருளில்லை என்கிறார். அவரை நம்பலாம், நம்பாமல் போகலாம். யோனாவின் ஆசிரியர் செய்ததைப் பவுல் செய்யவில்லை என்பது மட்டும் தெளிவு. கத்தோலிக்கத் திருச்சபையும் 1965இல், இரண்டாம் வத்திக்கான் சங்கத்தில், மனிதரின் மீட்புக்காகக் கடவுள் தர விரும்பிய உண்மையை விவிலியம் பிழையின்றிக் கற்பிக்கிறது என்றும், ஒவ்வொரு நூலின் இலக்கிய வகையையும் கவனிக்க வேண்டும் என்றும் சொன்னது. அதற்கு வெகு முன்னால், மூன்றாம் நூற்றாண்டிலேயே கிறிஸ்தவ அறிஞர் ஓரிகன், சூரியன் இல்லாமல் முதல் மூன்று நாட்கள் எப்படி வந்தன என்று கேட்டுவிட்டார்.

இதுவரை பேசியது எளிய பகுதி. மீனும் வெள்ளமும் யாருக்கும் தீங்கு செய்வதில்லை. பைபிளின் கட்டளைகளை “எல்லாம் உண்மை” என்று எடுக்கும்போதுதான் எனக்குப் பயம் வருகிறது. அடிமைகளே, எஜமான்களுக்குக் கீழ்ப்படியுங்கள் என்ற அறிவுரை எபேசியருக்கு எழுதிய நிருபத்தில் இருக்கிறது. அமெரிக்காவின் தென்மாநிலப் பிரசங்கிமார் பலர் அதைத்தான் அடிமைகளுக்குத் திரும்பத் திரும்பப் போதித்தார்கள். நோவா தன் பேரன் கானானைச் சபித்ததை எடுத்து, கறுப்பின மக்கள் அடிமைகளாக இருப்பது கடவுளின் சித்தம் என்றார்கள். ஒரு வசனத்தையும் மறுக்காதவர்கள்தான் இதைச் செய்தார்கள். இந்த இடத்தில் அந்த வசனம் தவறு என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அதை அதன் காலத்தின் வழக்கமென்று விளக்கலாம், நமக்கான கட்டளையாக ஏற்க முடியாது.

1807இல் லண்டனில் ஒரு பைபிள் அச்சானது. பிரிட்டிஷ் மேற்கிந்தியத் தீவுகளின் அடிமைகளுக்கென்றே தேர்ந்தெடுத்த பகுதிகள் என்று அதன் தலைப்பே சொல்கிறது. யோசேப்பு அடிமையாக விற்கப்பட்ட கதை அதில் இருந்தது. கீழ்ப்படியச் சொல்லும் எபேசியர் வசனமும் இருந்தது. மோசே இஸ்ரவேலரை எகிப்திலிருந்து மீட்டுக்கொண்டுவரும் பகுதி இல்லை. கிறிஸ்துவுக்குள் அடிமையென்றும் சுயாதீனனென்றும் வேறுபாடில்லை என்கிற கலாத்தியர் வசனமும் இல்லை.

ஆறு லட்சம் ஆண்கள் எகிப்தைவிட்டு நடந்து போனதற்குத் தொல்லியல் சான்று கிடைக்கவில்லை. யாத்திராகமம் சொல்லும் அந்த எண்ணிக்கையை அப்படியே ஏற்கும் ஆய்வாளர்கள் மிகச் சிலரே. ஆனால் கரும்புத் தோட்டத்து அடிமைகளின் கைக்கு அந்தக் கதை போகக்கூடாது என்று 1807இல் தொகுத்தவர்கள் முடிவுசெய்ததற்கு, அது நடந்ததா இல்லையா என்ற சந்தேகம் காரணமாக இருந்திருக்காது. அமெரிக்காவின் அடிமைகளோ அந்தக் கதையை எப்படியும் கேட்டறிந்தார்கள். மோசேயைப் பற்றிப் பாடல் கட்டினார்கள். அவர்களில் ஒருவரான ஹேரியட் டப்மன் தன் மக்களை இரவோடிரவாகத் தப்புவித்தபோது அவரை மோசே என்றே அழைத்தார்கள்.