வற்றாளங்கிழங்கு: கிண்டுதல், காத்தல், சமைத்தல்

மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும் இடப்பெயர்வைக் காணாத கமக்காரக் குடும்பம் அரிது. 1990இல் ஓடினோம், 2006, 2007இல் வாகரையிலிருந்தும் படுவான்கரையிலிருந்தும் மீண்டும் ஓடினோம். வயல் இல்லாத இடத்திலும், குடிசையைச் சுற்றியுள்ள மணலில் விளைந்து நமக்குச் சோறாவது வற்றாளை. அதை வீணாக்காமல் உண்பது எப்படி?

கிண்டுதல்

நட்டு மூன்றரை, நான்கு மாதத்தில் இலைகள் மஞ்சளாகத் தொடங்கும். ஒரு கிழங்கை வெட்டிப் பாருங்கள். வெட்டுவாயில் பால் வெண்மையாகக் காய்ந்தால் முற்றிவிட்டது. கறுத்தால் இன்னும் பொறுக்க வேண்டும். முதலில் கொடியை அறுத்து, பிறகு மேட்டின் ஓரத்திலிருந்து கிண்டுங்கள். மண்வெட்டி பட்ட கிழங்கை அன்றே சமையுங்கள்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் கிண்டினால், வியாபாரி சொன்ன விலைக்கே கொடுக்க நேரிடும். தேவைக்கேற்பக் கிண்டலாம். ஆனால் அதிக நாள் விட்டால் வண்டு துளைக்கும், மண்வெடிப்புகளை மூடிவிடுங்கள். ஐப்பசி மழைக்குமுன் முடித்துவிடுங்கள். நீர் நின்றால் கிழங்கு அழுகும்.

காத்தல்

கழுவ வேண்டாம். மண்ணை உதறி, நிழலில் குவித்துச் சாக்கால் மூடி ஐந்தாறு நாள் வையுங்கள். அந்தச் சூட்டில் சிறு காயங்கள் ஆறி, தோல் தடிக்கும். பிறகு மழை படாத இடத்தில், உலர்ந்த மணலில் அடுக்கடுக்காக வைத்தால் பல வாரங்கள் இருக்கும். குளிர்சாதனப் பெட்டியில் வைக்க வேண்டாம், உள்ளே கடினமாகிவிடும். வாரம் ஒருமுறை கிளறிப் பார்த்து அழுகியதை அகற்றுங்கள். வண்டு துளைத்துக் கசக்கும் கிழங்கை மாட்டுக்கும் கொடுக்கக்கூடாது, நஞ்சாகும்.

சமைத்தல்

தோலுடன், பச்சைத் தண்ணீரில் இட்டு, மெல்லிய தீயில் அவியுங்கள். மெதுவாகச் சூடேறும்போது மாச்சத்தின் ஒரு பகுதி சர்க்கரையாகி இனிக்கும். தேங்காய்ப் பூவும் கட்டைச் சம்பலும் போதும். தணலில் சுட்டாலும் நல்லது. உள்ளே செம்மஞ்சள் நிறமான கிழங்கில் உயிர்ச்சத்து ஏ-யாக உடல் மாற்றிக்கொள்ளும் சத்து மிகுதி. குழந்தைகளை மாலைக்கண்ணிலிருந்து காக்க உதவும். தேங்காயுடன் உண்டால் அச்சத்து நன்றாக உடலில் சேரும். இளம் இலைகளைச் சுண்டலாக்கலாம்.

கொடியை மறவாதீர்

வற்றாளைக்கு விதை கொடிதான். அறுத்த கொடியெல்லாவற்றையும் மாட்டுக்குப் போடாமல், ஒரு அடி நீளமான நுனித்தண்டுகளை எடுத்து, கிணற்றடியில் ஒரு சிறு பாத்தி வையுங்கள். ஈரச் சாக்கில் சுற்றினால் ஓரிரு நாள் வாடாது. கையோடு கொண்டு போகலாம். அயல்வீட்டுக்கும் ஒரு பிடி கொடுங்கள். நம் பாத்தி அழிந்தாலும், அங்கிருந்து கொடி நமக்குத் திரும்பி வரும்.