சீலியாக் நோய்: வயலில் இல்லாத கோதுமை தட்டுக்கு வருவது எப்படி?

நெல், கேழ்வரகு, சோளம், கம்பு, குதிரைவாலி ஆகிய நமக்குப் பழக்கமான தானியங்கள் எதிலும் குளூட்டன் கிடையாது. ஆனாலும் வீட்டில் ஒருவருக்குச் சீலியாக் நோய் என்று மருத்துவர் சொன்னதும், இனி எதைச் சமைப்பது என்ற கலக்கம் வந்துவிடுகிறது. இராமநாதபுரம், இராமேஸ்வரம் பகுதி மக்களுக்குத் தானியத்தில் குறையில்லை. மாவு மில்லும், பெருங்காய டப்பாவும், கடைப் பண்டமும்தான் நீங்கள் கவனிக்க வேண்டிய இடங்கள்.

நோய் என்ன செய்கிறது?

கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் உள்ள பசைப் புரதமே குளூட்டன். பரோட்டா மாவு இழுபடுவது இதனால்தான். சீலியாக் நோயுள்ளவர் இதைச் சாப்பிட்டால், அவரது உடலின் எதிர்ப்புச் சக்தியே சிறுகுடலின் உட்சுவரைத் தாக்கும். உண்ட சத்து உடலில் சேராது. நீடித்த வயிற்றுப்போக்கு, எடை குறைதல், குழந்தைகளின் வளர்ச்சிக் குறைவு, மாத்திரை சாப்பிட்டும் தீராத ரத்தசோகை ஆகியவை முக்கிய அறிகுறிகள். கோதுமைதான் இதற்குக் காரணம் என்பதை நெதர்லாந்தின் குழந்தை மருத்துவர் வில்லெம் டிக்கே 1950-இல் தம் ஆய்வேட்டில் விளக்கினார்.

இந்தியாவில் மூன்று பகுதிகளில் பெரியவர்களிடம் நடத்தி 2016-இல் வெளியான ஆய்வில், வடக்கே 1.23 சதவீதம் பேருக்கும், தெற்கே 0.10 சதவீதம் பேருக்கும் இந்நோய் தொடர்பான எதிர்ப்பொருள் ரத்தத்தில் இருந்தது. கோதுமை உண்ணும் அளவில் உள்ள வித்தியாசம் இதற்கு முக்கியக் காரணமாகச் சொல்லப்பட்டது. நம் பக்கம் அரிது என்பதால் சந்தேகம் வரவே தாமதமாகிறது. ஆனால் சர்க்கரை நோய்க்கு இரவில் சப்பாத்தி, பிள்ளைகளுக்கு பிஸ்கட் என்று இங்கும் கோதுமை நுழைந்துவிட்டது.

சந்தேகம் இருந்தால் நீங்களாகவே கோதுமையை நிறுத்திவிடாதீர்கள். நிறுத்திய பிறகு எடுக்கும் ரத்தப் பரிசோதனையும் குடல் திசுப் பரிசோதனையும் நோயைக் காட்டாமல் போகலாம். முதலில் பரிசோதனை, பிறகு பத்தியம். நோய் உறுதியானால் பத்தியம் வாழ்நாள் முழுவதற்கும்தான்.

மறைந்திருக்கும் கோதுமை

* கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் மைதா சேர்க்கப்படுகிறது. ரசம், சாம்பார், வடை வழியாகத் தினமும் உள்ளே போகும். அரிசி மாவில் தயாரித்ததா என்று பார்த்து வாங்குங்கள்.
* சம்பா ரவை என்பது சம்பா அரிசி அல்ல, கோதுமைதான். உப்புமா ரவை, சேமியா, மைதாவும் அப்படியே.
* மால்ட் என்று எழுதிய சத்துப் பானங்களில் பார்லி இருக்கும்.
* சிறுதானிய பிஸ்கட், கேழ்வரகு சேமியா போன்றவற்றில் கோதுமையோ மைதாவோ கலந்திருக்கலாம். பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படியுங்கள்.
* ஓட்டல் தோசைக்கல்லில் சப்பாத்தியும் போடுவார்கள். வெளியூர் போகும்போது ஆவியில் வெந்த இட்லி நல்லது. சாம்பாரை விட்டு, வீட்டுப் பொடி எடுத்துச் செல்லுங்கள்.

மாவு மில்லில் கவனம்

குளூட்டன் இல்லாதது என்று விற்கும் உணவில், 1 கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக் கூடாது என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி. கோதுமை மாவில் நூற்றுக்குச் சுமார் 8 பங்கு குளூட்டன் என்று கணக்கிட்டால், கால் கிராம் கோதுமை மாவு கலந்தாலே 1 கிலோ கேழ்வரகு மாவு அந்த எல்லையைத் தொட்டுவிடும். கோதுமை அரைத்த மிஷினில் தங்கும் மாவு அதைவிட அதிகமாகவே இருக்கும். எனவே நோயாளிக்கான மாவை வீட்டு மிக்ஸியில் அரையுங்கள், அல்லது கோதுமை அரைக்காத மில்லைத் தேடுங்கள். சல்லடை, தோசைக்கல், எண்ணெய்ச் சட்டி ஆகியவையும் தனியாக இருக்கட்டும்.

எதைச் சாப்பிடலாம்?

வெள்ளை அரிசியை மட்டும் நம்பினால் நார்ச்சத்தும் இரும்புச்சத்தும் குறையும். சித்திரைக்கார் போன்ற சிவப்பரிசி, கேழ்வரகுக் கூழ், கம்பங்களி, குதிரைவாலிச் சோறு, பயறு வகைகள், பனங்கிழங்கு என்று மாற்றிச் சமையுங்கள். இந்நோயில் எலும்பும் பலமிழக்கும். 100 கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் உண்டு. முள்ளோடு உண்ணும் நெத்திலியும் கால்சியம் தரும். மீன் வறுவலுக்கு மைதா வேண்டாம். அரிசி மாவும், வீட்டில் இடித்த முண்டு மிளகாய்த் தூளும் போதும்.

விற்பனை செய்வோருக்கு

மதிப்புக்கூட்டிய சிறுதானியப் பொருள் செய்யும் மகளிர் குழுக்களும் உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களும், கோதுமை தொடாத தனி மிஷின், தனிச் சாக்கு, தனி அறை ஏற்படுத்தி, அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் மாவைப் பரிசோதித்த பிறகே குளூட்டன் இல்லாதது என்று அச்சிட வேண்டும். அந்தச் சொல்லை நம்பித்தான் ஒரு தாய் தன் பிள்ளைக்கு அதை ஊட்டுகிறாள்.