அழிந்த பக்கத்தைக் காதால் தேடுவது

கன்ட்ரோலுடன் ‘ஏ’ அழுத்தி முழுக் கட்டுரையையும் தேர்வு செய்திருக்கும்போது ஏதோ ஓர் எழுத்து விசையில் விரல் பட்டால் போதும். இருபது பக்கமும் போய் அந்த ஓரெழுத்து மட்டும் நிற்கும். பார்வையுள்ளவருக்குத் திரை வெறிச்சோடியது உடனே தெரிந்துவிடும். திரைவாசிப்பான் வைத்து எழுதுபவருக்கோ, ‘தேர்வு நீங்கியது’ என்று அது சொல்ல வாயெடுப்பதற்குள் அடுத்த எழுத்தின் ஒலி அதை விழுங்கிவிடக்கூடும். அவர் எழுதிக்கொண்டே போவார். கூகுள் டாக்ஸும் அந்தக் காலிப் பக்கத்தைச் சமர்த்தாகத் தானே சேமித்துக்கொண்டிருக்கும்.

உடனே கவனித்தால் கன்ட்ரோல்-இசட் காப்பாற்றும். கோப்பை மூடி, மறுநாள் திறந்து பார்த்தால்தான் தெரிகிறது என்றால், பழைய பதிப்புகளைத்தான் தேட வேண்டும்.

முதலில் கன்ட்ரோல்-ஆல்ட்-இசட் அழுத்தி டாக்ஸில் திரைவாசிப்பான் ஆதரவை இயக்க வேண்டும். என்விடிஏ என்ற திரைவாசிப்பானைப் பயன்படுத்துபவர்கள் இன்செர்ட்-ஸ்பேஸ் தட்டி உலாவு நிலையிலிருந்து வெளியே வந்துவிடுவது நல்லது. பிறகு கன்ட்ரோல்-ஆல்ட்-ஷிஃப்ட்-எச். பதிப்புகளின் பட்டியல் திறக்கும். மேல், கீழ் அம்புக்குறிகளால் நகர்ந்தால் தேதி, நேரம், திருத்தியவர் பெயர் ஆகியவை கேட்கும். வேண்டியதைப் பிடித்ததும், டேப் விசையால் மீட்டெடுக்கும் பொத்தானுக்குப் போகலாம். பயப்பட வேண்டாம்: பழையதை மீட்டாலும் இப்போதைய பதிப்பு அழியாது, அதுவும் வரலாற்றில் இருக்கும்.

சிக்கல் வேறு இடத்தில். எந்தப் பதிப்பில் என்ன மாறியது என்பதை டாக்ஸ் நிறத்தால் காட்டுகிறது. ஆளுக்கொரு நிறம், நீக்கியதற்குக் குறுக்குக் கோடு. கண்ணுக்கு இது ஒரு நொடி வேலை. காதுக்கோ, நீக்கிய சொல்லும் புதிய சொல்லும் கலந்து ஒரே வாக்கியமாக ஒலிக்கலாம். பட்டியலின் அடியில் மாற்றங்களைக் காட்டும் தேர்வுப்பெட்டியின் குறியை எடுத்துவிட்டால் அந்தக் குழப்பம் குறையும். ஆனால் என்ன மாறியது என்பது அப்போதும் தெரியாது.

அதனால் மாற்றத்தைப் பின்னால் தேடுவதைவிட முன்னாலேயே பெயர் வைத்துவிடுவது மேல். ‘கோப்பு’ மெனுவில், பதிப்பு வரலாற்றின் கீழ், இப்போதைய பதிப்புக்குப் பெயரிடும் வசதி இருக்கிறது. ‘ஆசிரியருக்கு அனுப்பியது’, ‘மேற்கோள் சரிபார்த்தது’ என்று ஒரு கோப்பில் 40 பெயர்கள் வரை வைக்கலாம். பெயரிட்டவை மட்டும் பட்டியலில் வரும்படியும் செய்யலாம். வெறும் மணிக்கணக்கை வரிசையாகக் கேட்டு ஊகிக்கும் வேதனை மிச்சம்.

உண்மையில் என்ன மாறியது என்று அறிய, என் பரிந்துரை மைக்ரோசாஃப்ட் வேர்டு. இரண்டு பதிப்புகளையும் தனித்தனிக் கோப்பாக இறக்கி, ‘ரிவ்யூ’ பகுதியில் உள்ள ‘கம்பேர்’ வழியாக ஒப்பிடச் சொன்னால், வேறுபாடுகள் திருத்தக்குறிகளாக மாறிவிடும். சேர்த்தது எது, நீக்கியது எது என்று என்விடிஏ வாய்விட்டுச் சொல்லும். இன்செர்ட்-எஃப்7 அழுத்தி, வரும் பட்டியலில் குறிப்புரைகளைத் தேர்ந்தெடுத்தால் திருத்தங்கள் வரிசையாக வந்து நிற்கும். ஒன்றிலிருந்து நேராக அந்த வரிக்குத் தாவலாம்.

வேர்டிலும் பதிப்பு வரலாறு உண்டு. ஆனால் கோப்பு ஒன்டிரைவிலோ ஷேர்பாயின்டிலோ இருந்தால்தான். தனிநபர் கணக்கில் கடைசி 25 பதிப்புகள் கிடைக்கும். கணினியின் சொந்த வட்டில் மட்டும் வைத்திருக்கும் கோப்புக்கு இந்த வசதி வேலை செய்யாது.

டாக்ஸில் இன்னொன்று: பார்க்க மட்டும் அனுமதி பெற்றவருக்கு வரலாறு திறக்காது. கூட்டாக எழுதும்போது திருத்தும் உரிமையை முதலிலேயே கேட்டு வாங்கிவிடுங்கள்.