மீனை ஏமாற்றும் இறகு ஈ!

தூண்டில் முள்ளில் மண்புழுவைக் கோத்து மீன் பிடிப்பது நமக்குத் தெரியும். ஆனால் புழுவும் இல்லாமல் பூச்சியும் இல்லாமல், வெறும் கோழி இறகையும் நூலையும் முள்ளில் கட்டி, "இது ஈ" என்று மீனை நம்ப வைத்துப் பிடிக்கிறவர்களும் இருக்கிறார்கள்!

இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, அமெரிக்கா ஆகிய நாடுகளில் இது பெரிய பொழுதுபோக்கு. மீன் பிடிப்பதைவிட, ஈ கட்டுவதிலேயே ஆசை கொண்டவர்களும் உண்டு. ஆற்றுப் பக்கமே போகாமல், வீட்டில் மேஜை விளக்கடியில் உட்கார்ந்து ஈ கட்டிக்கொண்டே இருப்பார்கள்.

எதற்காக ஈ?

குளிர்ந்த ஓடைகளில் வாழும் மீன் டிரவுட். தண்ணீரில் பிறக்கும் பூச்சிகள் அதற்கு முக்கியமான தீனி. மேஃப்ளை என்று ஒரு பூச்சி இருக்கிறது. நம் ஊர் ஈசல் மாதிரி. அது குஞ்சாக நெடுநாள் தண்ணீருக்குள் கிடக்கும். பிறகு சிறகு முளைத்து வெளியே பறக்கும். ஒரு நாளோ இரண்டு நாளோதான் உயிர் வாழும். தின்பதற்கு வாய்கூடச் சரியாகக் கிடையாது! அது கூட்டமாகத் தண்ணீரில் விழும்போது டிரவுட் மீனுக்கு விருந்துதான்.

அந்தப் பூச்சியை முள்ளில் குத்தினால் நசுங்கிப் போகும். ஆகவே பொய்ப் பூச்சி செய்தார்கள்.

இது இன்று நேற்று வந்த வித்தை அல்ல. மாசிடோனியா நாட்டு மீனவர்கள் முள்ளில் சிவப்புக் கம்பளி நூலைச் சுற்றி, சேவலின் இரண்டு இறகுகளைக் கட்டி மீன் பிடித்ததாக, ஈலியன் என்ற ரோமாபுரி எழுத்தாளர் எழுதி வைத்திருக்கிறார். அவர் காலம் சுமார் 1,800 ஆண்டுகளுக்கு முன்பு.

என்னென்ன வேண்டும்?

முதலில் முள். இதற்கு நம்பர் உண்டு. நம்பர் ஏற ஏற முள் சிறுத்துக்கொண்டே போகும். 20ஆம் நம்பர் முள் ஏறக்குறைய ஓர் அரிசி நீளம்தான்! அதைக் கையில் பிடித்துக்கொண்டு வேலை செய்ய முடியாது. அதனால் மேஜை ஓரத்தில் ஒரு சின்ன வைஸ் பூட்டுவார்கள். இரும்புப் பட்டறையில் இருக்கிறதே, அதே வைஸ்தான், விரல் அளவு.

மெல்லிய நூல் வேண்டும். முன்பு பட்டு நூல். இப்போது நைலான், பாலியெஸ்டர். நூல்கண்டைப் பிடித்துக்கொள்ள ஒரு குழாய், கூர்மையான சிறு கத்தரிக்கோல், இறகைக் கவ்விச் சுற்ற ஒரு சின்ன இடுக்கி, கடைசியில் ஒரு சொட்டு வார்னிஷ். கருவிகள் இவ்வளவுதான்.

சாமான்களோ ஏராளம்! சேவலின் கழுத்து இறகு, வாத்து இறகு, மயில் தோகை, முயல் காதின் ரோமம், அணில் வால் முடி. மான் முடியின் உள்ளே காற்று இருப்பதால் அது மிதக்கும். தண்ணீர் மேலே நிற்க வேண்டிய ஈக்கு மான் முடி வைப்பார்கள்.

முள்ளை வைஸில் கவ்வ வைத்து, நூலை அதன் மேல் நெருக்கமாகச் சுற்றிக்கொண்டு போவார்கள். வாலுக்கு நாலைந்து இழை இறகு. உடம்புக்கு முயல் ரோமத்தை மெழுகு தடவிய நூலோடு சேர்த்துத் திரித்துச் சுற்றுவார்கள். நம் வீட்டில் திரி திரிப்பதைப் போலத்தான். பிறகு சேவல் இறகின் நுனியைக் கட்டி, முள்ளைச் சுற்றி இரண்டு மூன்று சுற்று. இறகின் இழைகள் நாலா பக்கமும் விரிந்து நிற்கும். அவைதான் ஈயின் கால்கள்! கடைசியில் தலையில் முடிச்சுப் போட்டு வார்னிஷ் தொட்டால் ஈ தயார்.

கேட்க எளிது. கட்டிப் பார்த்தால்தான் தெரியும். புதிதாகக் கட்டுகிறவர்கள் பெரும்பாலும் தலைக்கு இடம் விடாமல் உடம்பை நீட்டிவிடுவார்கள். முள்ளின் காது அடைபட்டுப் போகும். அதில் தூண்டில் கயிற்றை எப்படிக் கோப்பது? பிரித்துவிட்டு மறுபடியும் தொடங்க வேண்டியதுதான்.

நூலே வேண்டாம் என்றவரும் உண்டு. இங்கிலாந்தில் ஏவன் நதியில் காவல் வேலை பார்த்த பிராங்க் சாயர், காட்டுக்கோழி இனத்தைச் சேர்ந்த பெசன்ட் பறவையின் வால் இழைகளையும், மயிரிழை போன்ற செம்புக் கம்பியையும் மட்டும் கொண்டு ஓர் ஈ கட்டினார். கம்பியின் கனத்தால் அது தண்ணீருக்குள் இறங்கும். பூச்சிக் குஞ்சு நீந்துவது போலவே தோன்றும். இன்றும் உலகெங்கும் அதைக் கட்டுகிறார்கள்.

நம் காட்டுக் கோழி

சால்மன் மீனுக்குக் கட்டும் ஈயின் கதையே வேறு. கடலிலிருந்து ஆற்றுக்குள் வந்துவிட்டால் சால்மன் தீனி தின்பதில்லை. பிறகு ஏன் ஈயைக் கவ்வுகிறது? கோபமா, பழைய பழக்கமா என்று இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள்.

தின்னாத மீனுக்கு நிஜப் பூச்சி போலக் கட்டி என்ன பயன்? ஆகவே 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயப் பிரபுக்கள் மனம் போனபடி அலங்காரம் செய்தார்கள். பஞ்சவர்ணக்கிளி, டூகான், சொர்க்கப் பறவை என்று உலகத்துப் பறவைகளின் இறகெல்லாம் ஒரு முள்ளில் ஏறிற்று.

இதில் நம் பங்கும் உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலையில் திரியும் சாம்பல் காட்டுக்கோழிச் சேவலின் கழுத்து இறகில், மெழுகுச் சொட்டு விழுந்தது போல் மஞ்சளும் வெள்ளையுமாகப் பொட்டுகள் இருக்கும். ஈயின் கன்னத்தில் வைத்தால் கண் மாதிரி மின்னும். இதற்காகவே ஏராளமான சேவல்களின் தோல் கப்பலேறிற்று. இப்போது அந்தப் பறவையைப் பிடிப்பது குற்றம்; 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டம் அதைக் காக்கிறது.

மியூசியத்தில் திருட்டு!

இந்த இறகு ஆசை ஒருவனைத் திருடனாகவும் ஆக்கியது.

2009 ஜூன் மாதம் இங்கிலாந்தில், டிரிங் என்ற ஊரில் உள்ள இயற்கை வரலாற்று மியூசியத்தின் ஜன்னலை உடைத்து ஒருவன் உள்ளே புகுந்தான். தங்கம், வெள்ளி எதையும் தேடவில்லை. பாடம் செய்து வைத்திருந்த 299 பறவைகளைப் பெட்டியில் அடைத்துக்கொண்டு போய்விட்டான்! அவற்றில் சில, ஆல்பிரட் ரஸ்ஸல் வாலஸ் என்ற விஞ்ஞானி 19ஆம் நூற்றாண்டில் மலாய்த் தீவுகளில் அலைந்து சேகரித்தவை.

ஜன்னல் உடைந்தது உடனே தெரிந்தது. பறவைகள் போனது பல வாரம் கழித்துத்தான் தெரிந்தது!

2010இல் ஆள் பிடிபட்டான். லண்டனில் புல்லாங்குழல் படித்து வந்த அமெரிக்க மாணவன். ஈ கட்டுவதில் பெயர் பெற்றவன். இறகுகளை இவனைப் போன்ற ஆசைக்காரர்களுக்கு விற்றிருந்தான். 2011இல் கோர்ட்டு 12 மாதத் தண்டனை விதித்து, அதை நிறுத்தி வைத்தது. சிறைக்குப் போகவில்லை.

போன பறவைகளில் பாதிக்குச் சற்று அதிகம்தான் முழு உருவில் திரும்பின. அவற்றிலும் பலவற்றின் காலில் கட்டியிருந்த சீட்டைக் காணோம். எங்கே, எப்போது பிடித்தது என்ற சீட்டு இல்லாவிட்டால் விஞ்ஞானிக்கு அது வெறும் செத்த பறவைதான். இத்தனைக்கும், சாயம் போட்ட வான்கோழி இறகிலேயே அதே ஈயைக் கட்டலாம். மீனுக்கு வித்தியாசம் தெரியாது!

கடலோரக் குடிசையில்

அதே கலையில் ஈடுபட்டு மெடல் வாங்கிய பெண்ணும் உண்டு. அவர் பெயர் மேகன் பாய்ட். 1915இல் பிறந்தவர்.

தகப்பனார் ஸ்காட்லாந்தில் ஆற்றுக் காவல் வேலை பார்த்தார். பக்கத்தில் இருந்த ஒரு காவல்காரர் அந்தச் சிறுமிக்கு ஈ கட்டக் கற்றுக் கொடுத்தார். கட்டிய ஈயைப் பிரித்து, இன்னும் சிறிய முள்ளில் மறுபடி கட்டு என்பாராம்.

பிரோரா என்ற ஊருக்கு அருகே, கடலைப் பார்த்த குடிசையில் மேகன் தனியாக வாழ்ந்தார். நெடுங்காலம் மின்சார விளக்கு கிடையாது. ஜன்னலோரம் உட்கார்ந்து நாள் முழுவதும் கட்டுவார். இளவரசராக இருந்த சார்லஸ் கூட அவரிடம் ஈ வாங்கினார். ஆனால் மேகன் மீன் பிடித்ததில்லை. மீனைக் கொல்ல அவருக்கு மனம் வரவில்லை!

1971இல் அரசாங்கம் அவருக்கு மெடல் அறிவித்தது. அரண்மனைக்கு அழைப்பு வந்தது. "நாயைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை" என்று போகவில்லை. பிற்பாடு சார்லஸ்தான் மெடலைக் கொடுத்தார்.

ஐம்பது ஆண்டுக்கு மேல் நுணுக்க வேலை செய்த கண்கள் மங்கின. 1980களில் கட்டுவதை நிறுத்திவிட்டார். 2001இல், 86 வயதில் காலமானார். அவர் கட்டிய ஈ கிடைத்தால் இப்போது ஆற்றில் வீச யாருக்கும் மனம் வராது. கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டி வைக்கிறார்கள்.