அடுப்புக் கரி

விறகடுப்பில் ஏற்றிய பானையின் அடியில் கரி படிவதை நாம் நாள்தோறும் காண்கின்றோம். அதனை விறகின் அழுக்கு என்று பலர் எண்ணுவர். உண்மையில் அஃது அழுக்கன்று. எரியாமல் எஞ்சிய எரிபொருளே ஆகும்.

விறகு, மண்ணெண்ணெய், சமையல் வாயு ஆகிய யாவற்றிலும் கரியும் ஹைட்ரஜனும் கலந்துள்ளன. தக்க வெப்பமும் போதிய பிராணவாயுவும் கிடைப்பின், கரி கரியமில வாயுவாகவும் ஹைட்ரஜன் நீராவியாகவும் மாறும், புகை எழாது. காற்றுக் குறையுமாயின், எரிபொருள் வெப்பத்தாற் சிதைந்து, அதிலுள்ள கரி நுண்ணிய துகள்களாகப் பிரிகின்றது. அத்துகள்கள் பழுக்கக் காய்ந்து ஒளிர்வதனாலேயே விளக்கின் சுடர் மஞ்சளாகத் தோன்றுகின்றது. மைக்கேல் பாரடே என்னும் ஆங்கில அறிவியலறிஞர், 1860-61ஆம் ஆண்டுகளில் இலண்டனில் சிறுவர்க்கு ஆற்றிய மெழுகுவத்தி பற்றிய சொற்பொழிவுகளில் இவ்வுண்மையைச் செய்து காட்டி விளக்கினார்.

விளக்கெண்ணெய் விளக்கின் சுடர்மேல் தட்டைக் கவிழ்த்துக் கண்ணுக்கு மை கூட்டுவது நம் நாட்டு வழக்கம். சுடரின் விளிம்பில் காற்றுடன் கூடி எரிந்து மறைய வேண்டிய கரித்துகள்களைத் தட்டு குளிரச் செய்கின்றது. ஆதலின் அவை எரியாது அதன்மேற் படிகின்றன. பானையின் அடியில் நிகழ்வதும் இதுவே.

அரைகுறையாக எரிவதால் வரும் முதற்கேடு பொருள் இழப்பு. ஒரு கிராம் கரி முற்றும் எரிந்தால் ஏறத்தாழ 7,800 கலோரி வெப்பம் கிடைக்கும். அதுவே அரைகுறையாக எரிந்து கார்பன் மோனாக்சைடு என்னும் வாயுவாயின், கிடைப்பது ஏறத்தாழ 2,200 கலோரியே. புகையாய்ப் போகும் கரியோ சிறிதும் பயன் தருவதில்லை.

இரண்டாவது கேடு உயிர்க்கேடு. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. அது குருதியிலுள்ள செந்நிறப் பொருளுடன் பிராணவாயுவைக் காட்டிலும் இருநூறு மடங்குக்கு மேல் வலிவாகப் பிணைந்து, உடலுக்குப் பிராணவாயு கிட்டாமற் செய்யும். கரிக் கணப்பில் புகை தோன்றாது. எனினும், குளிருக்கு அஞ்சி அதனை அறையினுள் வைத்துக் கதவடைத்து உறங்குவோர் உறக்கத்திலேயே உயிரிழக்க நேரும். நாள்தோறும் அடுப்புப் புகையை உட்கொள்வோர்க்கு மார்பு நோய்களும் இதய நோயும் வருகின்றன. வீட்டினுள் எழும் இத்தகைய புகையால் 2020ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 32 இலட்சம் பேர் மாண்டனர் என்று உலகச் சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது.

இக்கேடுகளைக் குறைக்கும் வழிகள் எளியனவே. ஈர விறகின் வெப்பம் நீரை ஆவியாக்குவதிலேயே செலவாவதால் அது புகையும். எனவே உலர்ந்த விறகைச் சிறிதாகப் பிளந்து இடுதல் வேண்டும். அடுப்பு வாயில் விறகைத் திணித்தலும், சாம்பலைக் குவியவிடுதலும் காற்றைத் தடுக்கும். சமையலறைக்குப் புகைபோக்கியும் சாளரமும் இன்றியமையாதன. வாயு அடுப்பின் நீலச் சுடர் மஞ்சளாகி, பாத்திரத்தின் அடி கறுக்குமாயின், காற்றுப் புகும் வழி அடைபட்டிருத்தல் கூடும். அதனை உடனே சீர்செய்தல் வேண்டும்.

வீட்டிலுள்ள பானையின் அடியை இன்றே நோக்குங்கள். அங்குப் படிந்திருக்கும் கரி, அடுப்புக்குக் காற்றுப் போதவில்லை என்பதை அறிவிக்கும்.